மயில்துத்தம் எந்தப் பக்கம் திரும்பும்?

(தண்டையார்பேட்டையில் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கும் பகுதி மக்களுக்கும் ஆற்றிய அறிவியல் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேசைமேல் இருக்கும் நீலக் கல்லை எல்லோரும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டீர்கள். மயில்துத்தம். துருசு என்றும் சொல்வார்கள். பாடப் புத்தகத்தில் காப்பர் சல்பேட். நாட்டு மருந்துக் கடையில் தூளாகவும் கட்டியாகவும் கிடைக்கிற சாதாரணப் பொருள். அதை இங்கே முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் தண்ணீரில் கரைத்து, ஒரு துணுக்கைத் தொங்கவிட்டு, வாரக்கணக்கில் காத்திருந்து ஒரே படிகமாக வளர்த்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். இன்றைக்கு நான் பேசப்போவது பெரும்பாலும் இந்த ஒரு கல்லைப் பற்றித்தான். ஒரு மாலைப் பொழுது முழுக்கப் பேசும் அளவுக்கு இதற்கு வரலாறு உண்டு. படிகங்கள் எக்ஸ் கதிரைச் சிதறடித்துப் புள்ளிகளாகக் காட்டும் என்பதை 1912இல் ம்யூனிக் நகரத்தில் லாவே என்ற இயற்பியலாளரின் யோசனைப்படி ஃப்ரீட்ரிக், க்னிப்பிங் இருவரும் முதன்முதலாகக் கண்டார்கள். அவர்கள் எடுத்து வைத்த முதல் படிகம் இதே காப்பர் சல்பேட்தான். 24 ஆண்டுகள் கழித்து இதே கல்லைக் காந்தத்துக்கு நடுவே தொங்கவிட்டு அதன் உள்ளமைப்பைச் சோதித்தவர் ஒரு தமிழர். அவர் படித்த கல்லூரி அன்று இங்கிருந்து வெகு தூரத்தில் இல்லை; பாரிமுனையில், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்தது.

அவரிடம் வருவதற்கு முன் ஒற்றைப் படிகம் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம்.

கடையில் வாங்கும் துருசுத் தூளும் படிகம்தான். ஒவ்வொரு பொடித்துகளுக்குள்ளும் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் ஒரு துகள் வடக்கே பார்க்கும், பக்கத்துத் துகள் தென்மேற்கே பார்க்கும், இன்னொன்று தலைகீழாகக் கிடக்கும். ஒரு கிராம் தூளில் இப்படி எண்ணிலடங்காத திசைகள். ஒற்றைப் படிகத்தில் ஒரு மூலையில் அணுக்கள் எந்தத் திசையில் அடுக்கப்பட்டிருக்கின்றனவோ, அதே திசையில்தான் எதிர்மூலை வரைக்கும் அடுக்கு செல்லும். ஒரு கன சென்டிமீட்டர் மயில்துத்தத்தில் சுமார் ஐந்தரைக் கோடி கோடி கோடி தாமிர அயனிகள் இருக்கின்றன. கோடியை மூன்று முறை சொல்லவேண்டும், தவறிச் சொல்லவில்லை. அத்தனையும் ஒரே ஒழுங்கில் நிற்கின்றன. மைதானத்தில் அணிவகுத்து நிற்கும் பிள்ளைகளையும், மணி அடித்ததும் வாசலில் முண்டியடிக்கும் அதே பிள்ளைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் அதே ஆட்கள். ஆனால் எவரெவர் எந்தப் பக்கம் முகம் திருப்பியிருந்தார்கள் என்பதை இரண்டாவது காட்சியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

காந்தப் பண்பை ஆராய்கிறவருக்கு அந்த முகம்தான் வேண்டும். ஒரு தாமிர அயனி எல்லாப் பக்கமும் ஒரே அளவில் காந்தத்துக்கு மசிவதில்லை. ஒரு திசையில் எளிதாக மசியும், இன்னொரு திசையில் அவ்வளவாக மசியாது. ஏன் என்பதற்கான விடை, அதைச் சுற்றி எந்த அணுக்கள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்பதில் இருக்கிறது. தூளை வைத்து அளந்தால் எல்லாத் திசைகளும் கலந்து ஒரு சராசரி எண் வரும். எண் சரியாகத்தான் இருக்கும்; ஆனால் நமக்கு வேண்டிய செய்தி அதில் அழிந்துபோயிருக்கும். அதனால்தான் காந்த ஆய்வுக்கூடங்களில் பாதி வேலை படிகம் வளர்ப்பது. அளப்பதைவிட வளர்ப்பதற்குத்தான் பல சமயம் அதிக காலம் பிடிக்கும்.

வளர்ப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கேட்டுவிட்டு வீட்டில் செய்யப்போகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

சூடான தண்ணீரில் மயில்துத்தம் நிறையக் கரையும். ஆறின தண்ணீரில் குறைவாகக் கரையும். ஆறும்போது கூடுதலாக இருப்பது வெளியே வந்தாக வேண்டும். அப்போது ஏற்கெனவே ஒரு நல்ல துணுக்கு உள்ளே தொங்கிக்கொண்டிருந்தால், வெளியேறும் அயனிகள் அதன்மேல் வந்து, அதன் அடுக்கைப் பின்பற்றி உட்காரும். அதுதான் விதைப்படிகம். கல்கண்டு செய்கிறவர்கள் நூலைக் கட்டிப் பாகை ஆறவிடுவதும் இதே அடிப்படையில்தான். ஆனால் கல்கண்டில் நூல் நெடுக நூறு படிகம் ஒட்டிக்கொண்டு வந்தாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள். நமக்கோ ஒன்றே ஒன்று வேண்டும். அதற்கு அவசரமே ஆகாது. கரைசல் வேகமாக ஆறினால் அயனிகள் தமக்குரிய இடம் தேடி உட்கார நேரம் இருக்காது; பாத்திரத்தின் அடியில், ஓரத்தில், நூலில் என்று கண்ட இடத்திலும் புதுப்படிகங்கள் முளைக்கும்.

சென்னையில் பெரிய தொந்தரவு வெயில் அல்ல, வெப்பநிலையின் ஏற்ற இறக்கம். நடுப்பகலில் ஏறும் சூட்டில் படிகத்தின் விளிம்புகள் கரைந்து மழுங்கும். பிற்பகலில் கடற்காற்று வந்து இறங்கியதும் மறுபடி வளரும். இரவில் இன்னும் கொஞ்சம். இப்படிக் கரைந்து கரைந்து வளர்ந்த படிகத்துக்குள் கரைசல் சிறு சிறு துளிகளாக மாட்டிக்கொள்ளும். வெளிச்சத்தில் பிடித்தால் மூட்டமாகத் தெரியும். இதற்கு மலிவான வழி ஒன்று உண்டு. காசிமேட்டில் மீனுக்கு ஐஸ் போட்டு வைக்கும் தெர்மாகோல் பெட்டி வாங்கி, அதற்குள் ஒரு வாளித் தண்ணீர், அந்தத் தண்ணீருக்குள் உங்கள் கண்ணாடிப் பாத்திரம். வாளித் தண்ணீர் சட்டென்று சூடாவதும் இல்லை, ஆறுவதும் இல்லை. ஆய்வுக்கூடங்களில் வெப்பநிலையை ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு நிலையாகப் பிடித்துவைக்கும் தொட்டிகள் இருக்கின்றன. அவையும் தண்ணீர்த் தொட்டிகள்தான். கட்டுப்படுத்தும் கருவி மட்டும் கூடுதல்.

தண்ணீர் விஷயத்தில் கறாராக இருங்கள். நம் பகுதி போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். குளோரைடு கலந்தால் கரைசலின் நிறமே பச்சைப் பக்கம் சாயும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரே போதும். கட்டுவதற்குப் பருத்தி நூல் வேண்டாம். அதன் ஒவ்வொரு பிசிறிலும் ஒரு படிகம் முளைக்கும். மீன்பிடிக்கிறவர்கள் பயன்படுத்தும் மெல்லிய தங்கூசி நரம்பு வழவழப்பாக இருக்கும், அதுவே நல்லது. இரும்பு, அலுமினியப் பாத்திரம் கூடாது. தாமிரம் அதன்மேல் படிந்துவிடும். சமையல் பாத்திரம் எதுவும் கூடவே கூடாது. இது விஷம். கையுறை போடுங்கள், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பூட்டி வையுங்கள். மிஞ்சின கரைசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். தாமிரம் மீனுக்கும் பாசிக்கும் ஆகாது. இங்கே சாக்கடையில் விடுவது பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்குத்தான் போய்ச் சேரும். அந்தத் தண்ணீர் ஏற்கெனவே பட்டது போதும். கரைசலை மூடி வைத்தால் அடுத்த படிகத்துக்கு உதவும்.

எல்லாப் பொருளும் தண்ணீரில் கரையாது. உலோகங்களை உருக்கித்தான் படிகமாக்க வேண்டும். போலந்துக்காரரான சொக்ரால்ஸ்கி 1916இல் உருகிய வெள்ளீயத்திலிருந்து மெல்லிய ஒற்றைப் படிகக் கம்பியை மேலே இழுத்தெடுத்தார். எழுதிக்கொண்டிருந்தபோது மைக்கூட்டுக்குப் பதில் உருகிய வெள்ளீயம் இருந்த மூசையில் பேனாவைத் தோய்த்ததால் நேர்ந்த கண்டுபிடிப்பு என்று அதைச் சொல்வார்கள். இன்று கணினிச் சில்லுகளுக்கான சிலிக்கான் பெருமளவும் அந்த முறையில்தான் வருகிறது. மும்பை டாடா ஆராய்ச்சி நிலையத்தில் அருமண் உலோகக் கலவைகளை மின்வில்லில் உருக்கி அதே முறையில் படிகமாக இழுத்து, அவற்றின் காந்தப் பண்புகளை ஆராய்கிறார்கள். நம் ஊரிலேயே, கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில், படிக வளர்ப்புக்கென்று தனி மையம் 1982இல் தொடங்கியது. அதை உருவாக்கிய பேராசிரியர் பெ. ராமசாமியும் சங்கரநாராயணனும் 2005இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். கண்ணாடிக் குழாயின் அடியில் விதைப்படிகத்தை நாம் விரும்பும் திசையில் பொருத்தி, மேலே கரைசலை நிரப்பி, அந்த ஒரே திசையில் மட்டும் படிகத்தை வளரவிடுவது. இருவர் பெயரின் முதலெழுத்துகளால் எஸ்.ஆர். முறை என்று வெளிநாட்டுக் கட்டுரைகளிலும் வழங்குகிறது. விலையுயர்ந்த உலை எதுவும் தேவைப்படாத முறை. அதனால்தான் அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இனி நான் சொன்ன அந்தத் தமிழர்.

கரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணன், 1898 டிசம்பர் 4 அன்று வத்திராயிருப்பில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரி, பிறகு சென்னை கிறித்தவக் கல்லூரி. அந்தக் கல்லூரி தாம்பரத்துக்குப் போனது 1937இல்; கிருஷ்ணன் காலத்தில் ஜார்ஜ் டவுனில்தான் இருந்தது. படித்த இடத்திலேயே வேதியியல் பிரிவில் செய்முறை விளக்குநராகச் சேர்ந்தார். மதிய உணவு இடைவேளையில் மாணவர்களைக் கூட்டிவைத்து இயற்பியல், வேதியியல், கணிதம் எதைப் பற்றி வேண்டுமானாலும் கேளுங்கள் என்று பேசுவாராம். பிற கல்லூரி மாணவர்களும் அதற்கு வந்தார்கள். அங்கிருந்து கல்கத்தாவுக்கு, சர் சி.வி. ராமனிடம். 1928இல் ராமன் விளைவு கண்டறியப்பட்டபோது ராமனோடு சேர்ந்து அந்த முதல் அறிவிப்பில் கையெழுத்திட்டவர் கிருஷ்ணன். அவரைப் பற்றிப் பேசும்போது பலரும் அத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அவர் தாமே தேர்ந்தெடுத்து, தாமே கருவி அமைத்து, தம் மாணவர்களோடு பத்தாண்டுக்கு மேல் உழைத்த துறை படிகக் காந்தவியல். 1928 இறுதியில் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போய்த் தொடங்கினார். 1933இல் மறுபடி கல்கத்தாவுக்கு வந்து தொடர்ந்தார்.

படிகம் காந்தப்புலத்தில் திரும்பும் என்பது அதற்கு முன்பே தெரிந்த செய்தி. 1840களின் இறுதியில் ஃபாரடே பிஸ்மத் படிகங்களைக் காந்தத்துக்கிடையே தொங்கவிட்டுப் பார்த்திருந்தார். ஆனால் அதை நுட்பமாக அளந்து, அளவிலிருந்து படிகத்தின் உள்ளமைப்பைப் படிக்க முடியும் என்று காட்டியதில் கிருஷ்ணனின் பங்கு பெரிது.

அவர் முறையைக் கேளுங்கள். தட்டையான இரண்டு காந்த முனைகளுக்கு நடுவே புலம் எங்கும் சீராக இருக்கும். சீரான புலம் பொருளை எந்தப் பக்கமும் இழுக்காது. ஆனால் திசைக்குத் திசை காந்தப் பண்பு மாறும் படிகமாக இருந்தால், அதைத் திருப்பும். அதாவது, திருப்பும் விசையை அளந்தாலே திசைகளுக்கிடையே உள்ள வேறுபாடு நேராகக் கிடைத்துவிடும். மற்றதெல்லாம் தானாக விலகிவிடும். மயிரிழையைவிட மெல்லிய குவார்ட்ஸ் இழையில் படிகத்தைத் தொங்கவிடுவார். படிகம் தனக்கு வசதியான திசையில் போய் நிற்கும். இழையின் மேல்முனையை மெதுவாகத் திருகிக்கொண்டே போவார். இழை முறுக்கேறும், படிகத்தை இழுக்கும், காந்தம் விடாது. படிகம் 45 டிகிரி விலகியதும் காந்தத்தின் பிடி உச்சத்தைத் தொடும். அதற்குமேல் ஒரு துளி திருகினாலும் பிடி தளர்ந்து, படிகம் சடாரென்று புரண்டுவிடும். அந்தக் கணத்தில் மேல்முனை எவ்வளவு திருகியிருந்தது என்று குறித்துக்கொண்டால் போதும். இழையின் விறைப்பு, புலத்தின் வலிமை, படிகத்தின் எடை இவை தெரிந்தால் கணக்கு முடிந்தது. சுழியத்தை ஒட்டிய நுண்ணிய நகர்வுகளைக் கண்ணை இடுக்கிப் படிக்கத் தேவையில்லை. புரள்வதைத் தவறவிட முடியாது. அரிய கருவிகள் இல்லாத ஒருவர், கையில் இருப்பதைக் கொண்டு எவ்வளவு துல்லியமாக அளக்கலாம் என்று யோசித்து எட்டிய முறை இது. இதைவிட அழகான செய்முறையை நான் அதிகம் கண்டதில்லை.

இந்த முறையால் துணிப்பெட்டியில் போடும் பாச்சை உருண்டையின் நாப்தலீனை அளந்தார்கள். அதன் மூலக்கூறு தட்டையான வளையம். வளையத்துக்குச் செங்குத்தான திசையில்தான் காந்தம் அதை மிகுதியாக விலக்கும். எனவே படிகம் முழுவதும் எப்படி விலகுகிறது என்று அளந்தால், உள்ளே மூலக்கூறுகள் எந்தச் சாய்வில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்று சொல்லிவிடலாம். எக்ஸ் கதிர்ப் படத்திலிருந்து அமைப்பைக் கணக்கிடுவது அன்று மாதக்கணக்கில் ஆகும் வேலை. காந்த அளவு முன்கூட்டியே சாய்வைச் சொன்னால் அந்த வேலை பாதியாகக் குறையும். இதே வழியில் லண்டனில் சிந்தித்துக்கொண்டிருந்தவர் காத்லீன் லான்ஸ்டேல். அவரும் கிருஷ்ணனும் 1936இல் சேர்ந்து கட்டுரை எழுதினார்கள். பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட்டையும் கிருஷ்ணன் குழு விடவில்லை. அதன் ஏடுகளுக்குச் செங்குத்தாக அளந்தால் விலகல், ஏடுகளின் தளத்தில் அளப்பதைவிடப் பல பத்து மடங்கு.

நம் நீலக் கல்லுக்கு வருகிறேன். 1934இல் இங்கிலாந்தில் பீவர்ஸ், லிப்சன் என்ற இரண்டு இளைஞர்கள் எக்ஸ் கதிரால் மயில்துத்தத்தின் அமைப்பைக் கண்டார்கள். ஒவ்வொரு தாமிர அயனியையும் சுற்றி நான்கு நீர் மூலக்கூறுகள் சதுரமாக உட்கார்ந்திருக்கின்றன. சதுரத்துக்கு மேலும் கீழும் சற்றுத் தள்ளி சல்பேட்டின் ஆக்சிஜன் இரண்டு. ஐந்தாவது நீர் மூலக்கூறு தாமிரத்தைத் தொடுவதே இல்லை, இடைவெளியில் நிற்கிறது. இன்னும் முக்கியமான செய்தி: படிகத்தில் இரண்டு வகைத் தாமிர இடங்கள் இருக்கின்றன. இரண்டின் சதுரங்களும் ஒன்றுக்கொன்று ஏறக்குறையச் செங்குத்தாகச் சாய்ந்திருக்கின்றன.

கிருஷ்ணனும் அசுதோஷ் முகர்ஜியும் 1936இல் இதைக் கையில் எடுத்தார்கள். தாமிர அயனியில் ஜோடி சேராத எலெக்ட்ரான் ஒன்று உண்டு. அதுதான் காந்தத்துக்குக் காரணம். சதுரத்துக்குச் செங்குத்தான திசையில் அது அதிகமாக மசியும், சதுரத்தின் தளத்தில் குறைவாக. சதுரங்கள் இரண்டும் செங்குத்தாக இருந்தால், இரண்டையும் கூட்டும்போது என்ன ஆகும்? இரண்டு செங்குத்துகளும் அடங்கிய தளத்தில் எந்தப் பக்கம் அளந்தாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு வரவேண்டும். அந்தத் தளத்துக்குக் குறுக்கே மட்டும் குறைய வேண்டும். அளந்தார்கள், அப்படியே வந்தது. இந்தப் படிகத்தின் வெளி உருவத்தைப் பாருங்கள்: ஒரு கோணமும் செங்கோணம் இல்லை, ஒரு பக்கமும் இன்னொன்றைப் போல் இல்லை. படிக வகைகளிலேயே ஒழுங்கு மிகக் குறைந்த வகையைச் சேர்ந்தது. ஆனால் காந்தத்துக்கு நடுவே அது ஓர் அச்சைச் சுற்றி ஒரே சீராக நடந்துகொள்கிறது. கோணல்மாணலான வெளி உருவத்துக்குள் அந்தச் சமச்சீர் இருப்பதை இழையில் தொங்கிய கல் காட்டிக்கொடுத்தது. அயனியைச் சுற்றியுள்ள அண்டை அணுக்கள் அதன் காந்தத்தை எப்படி மாற்றும் என்று பெத்தேவும் வான் விளெக்கும் கட்டிக்கொண்டிருந்த கோட்பாட்டுக்கு இத்தகைய அளவுகள்தான் உரைகல்லாக இருந்தன. கிருஷ்ணன் 1940இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார், 1947இல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார், 1961இல் மறைந்தார்.

மயில்துத்தம் அதோடு ஓய்ந்துவிடவில்லை. 2013இல் மூரிகால், எண்டர்லே, ரன்னோ உள்ளிட்டோர் இதன் ஒற்றைப் படிகத்தை பிரான்சின் கிரனோபிள் நகரில் நியூட்ரான் கற்றைமுன் வைத்தார்கள். சாதாரண ஹைட்ரஜன் நியூட்ரானைத் தாறுமாறாகச் சிதறடிக்கும் என்பதால் கனநீரைக் கொண்ட படிகம். குளிரோ தனிச்சுழி வெப்பநிலைக்கு ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு மேலே. அந்தக் குளிரில், நான் சொன்ன இரண்டு வகைத் தாமிரங்களில் ஒரு வகை மட்டும் வரிசையாகக் கைகோத்துச் சங்கிலிகளாகிறது. மற்றது தனித்தே நிற்கிறது. சங்கிலியில் நியூட்ரான் மோதினால் விளையும் மாற்றம் ஒன்றாக நகர்வதில்லை. இரண்டு பாதிகளாகப் பிரிந்து தனித்தனியே ஓடுகிறது. ஸ்பினான் என்று அந்தப் பாதிக்குப் பெயர். கணிதவழியில் நெடுநாள் சொல்லப்பட்டு வந்ததை எண்ணிக்கைக் கணக்கோடு சரிபார்க்க இந்தப் படிகம் உதவியது. வலிமையான காந்தப்புலத்தில் எல்லாத் தாமிரங்களையும் ஒரே பக்கம் திருப்பி முதலில் அளவுகோலைச் சரிசெய்துகொண்டு, பிறகு புலத்தை அணைத்துப் பார்த்தார்கள். தூளை வைத்து இதைச் செய்திருக்கவே முடியாது. சங்கிலி எந்தத் திசையில் ஓடுகிறது என்று தெரிந்தால்தான் நியூட்ரானை எங்கே எதிர்பார்ப்பது என்று தெரியும்.

நம் பகுதிக்கு இன்னும் நெருக்கமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பெல்லாரி, ஹோஸ்பேட் பக்கத்து இரும்புத்தாது சரக்கு ரயிலில் வந்து சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிக்கொண்டிருந்தது பலருக்கு நினைவிருக்கும். மாசு காரணமாக உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2011இல் அது நின்றது. அந்தச் சிவப்புத் தூள் ஹெமடைட். அதன் ஒற்றைப் படிகத்தை எடுத்தால், அறை வெப்பத்தில் அதற்கு மெல்லிய காந்தம் உண்டு, அதுவும் ஒரு தளத்தில் மட்டும். சுமார் மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே குளிர்வித்தால் உள்ளே இரும்பின் காந்தங்கள் திசை மாறி நிற்க, வெளியே தெரிந்த காந்தம் மறைந்துவிடும். ஏன் என்ற கேள்விக்கு 1950களில் நியூட்ரான் ஆய்வும் ரஷ்யரான ஸ்யாலொஷின்ஸ்கியின் கோட்பாடும் விடை தந்தன. டன் டன்னாக நம் ரயில்பாதையில் போன பொருளுக்குள் அந்தப் புதிர் இருந்தது.

கடைசியாக, படிகம் வளர்த்த பிள்ளைகளிடம். அடுத்து நீங்கள் செய்யவேண்டியது கிருஷ்ணனின் அளவை. நியோடிமியம் காந்தம் இரண்டு எதிரெதிரே, நடுவே தங்கூசி நரம்பில் உங்கள் கல். ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள படிகம் என்றால் திரும்புவது கண்ணுக்கே தெரியும். மின்விசிறியை நிறுத்தி, கண்ணாடித் தொட்டியால் மூடிவிடுங்கள். காற்று பட்டால் எல்லாம் கெடும். படிகம் நீளமாக இருந்தால் அதன் வடிவமும் குழப்பும். அதனால் ஈரத்துணியில் சுற்றிச் சுற்றித் தேய்த்து அதை உருண்டையாக்குங்கள். ஓரங்கள் கரைந்து எளிதில் உருண்டுவிடும். ஆனால் தேய்க்கத் தொடங்குமுன், எந்த முகம் எந்தப் பக்கம் இருந்தது என்று காகிதத்தில் வரைந்து, கல்லின் ஒரு பொட்டில் நகப்பூச்சால் குறி வைத்துக்கொள்ளுங்கள். முகங்கள் மறைந்தபின் திசையைச் சொல்ல உங்களிடம் அந்தக் குறி மட்டும்தான் இருக்கும்.